கைக்கு அடக்கமாக ஒரு பிஸ்டல்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில், புத்தம்புது பிஸ்டல் ஒன்றை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தோம்.

அதில் நெருப்பு கிடையாது. புகை கிடையாது. மருந்தும் கிடையாது. காற்றின் அழுத்தத்தில் சுடுகிற ஏர் பிஸ்டல் அது. என்றாலும் அணைத்தோம்... நானும் என் நண்பர் தங்கராஜும். சுற்றி நின்று பத்து இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர் என் மாப்பிள்ளை.

அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குச் சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைகிற தொழில் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பூச்சட்டி டப்பாவில் சிரிக்கிற குழந்தை, ராக்கெட் கட்டில் பறக்கிற பருந்து, கேப் டப்பாவில் துப்பாக்கி நீட்டுகிற தொப்பிக்காரன்... எல்லாம் அடியேன் கைவண்ணம். உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. எனக்கு வெடி என்றால் பயம்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஓலை வெடிகூடக் கொளுத்தியதில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சரத்துக்குத் தீ வைப்பது என் மனைவி சரசு. நான் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை இறுக மூடி, காதைப் பொத்திக்கொண்டு, "பார்த்து... பார்த்து..." என்று மேற்பார்வை செய்வேன்.

இப்படிப்பட்ட வீரன் எதற்குப் பிஸ்டல் வாங்கினான்? எல்லாம் மாப்பிள்ளைக்காகத்தான்.

கார்த்திக் தங்கமான பிள்ளை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசியது மூன்றே வாக்கியம். "நல்லா இருக்கீங்களா மாமா?" "சாப்பிட்டாச்சு மாமா." "இதோ, அவகிட்ட குடுக்கறேன் மாமா." மூன்றாவது, நான் போன் செய்யும்போது.

இருப்பது ஒரே மகள். அவளைக் கட்டிக்கொண்டவர் நம்மிடம் நாலு வார்த்தை சிரித்துப் பேசமாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளாதா? எனக்கு அடித்துக்கொண்டது. நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, கல்யாணத்தில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா என்று சரசுவிடம் புலம்பினேன். "உங்ககிட்ட பேச என்ன இருக்கு? லேபிளப் பத்தியா பேசுவாக?" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

போன மாதம் இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். இருக்கன்குடி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு எல்லோரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் மகள் சொன்னாள்: "அப்பா, இவர் சனிக்கிழமையானா ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போயிடுறார். வீட்ல இருக்கறதே இல்ல."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"அப்படியா மாப்பிள்ளை? நானும் போவேனே!"

முன் சீட்டில் இருந்த கார்த்திக் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம். "நிஜமாவா மாமா? என்ன பிஸ்டல் வச்சிருக்கீங்க? அடுத்த தடவை வரும்போது சேர்ந்து போலாமா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி! அந்த சந்தோஷத்தில், பொய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் சரசு என் தொடையில் கிள்ளியது மட்டும் இன்னும் வலிக்கிறது.

இனி என்ன செய்வது? நான்கு வாரத்தில் மறுபடி வருவார்கள். அதற்குள் பிஸ்டல் வேண்டும். சுடவும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் அந்த மூன்று வாக்கியத்தோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

முதலில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். 'நல்ல பிஸ்டல்' என்று தேடினேன். சென்டர்காரர் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து வந்து, என் பெயரையும் அட்ரஸையும் இரண்டாவது முறை எழுதச் சொன்னார். இருபது வருடப் பழக்கம் எங்களுக்கு.

அடுத்து தங்கராஜைத் துணைக்குக் கூப்பிட்டேன். தாயில்பட்டியில் ஒரு பட்டாசு யூனிட்டில் போர்மேன். புது ஐட்டம் எது வந்தாலும் சாம்பிள் வெடித்துப் பார்த்து, சத்தம் சரி, சரியில்லை என்று சொல்வது அவர்தான். தெரு முனையில் வெடிக்கிற வெடியின் தரத்தை டீக்கடையில் உட்கார்ந்தபடி சொல்கிற காது. இதைவிட நல்ல நிபுணர் எனக்கு எங்கே கிடைப்பார்?

இரண்டு பேரும் மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், அட்ரஸ் புரூஃப் இருந்தால் போதும் என்றார் கடைக்காரர். பொறுமைசாலி. கண்ணாடி மேஜைமேல் இரண்டு பிஸ்டல்களை எடுத்து வைத்தார்.

முதலாவது, போட்டிக்காரர்கள் வைத்துச் சுடுவதாம். நீளமான குழல். மரத்தில் குடைந்த கைப்பிடி, யாரோ பாதி கடித்து வைத்த கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு. சின்னது, கறுப்பு, பளபளப்பு. கைக்கு அடக்கமாக... அடடா! பார்த்தவுடனே என் மனசு அதற்கு ஒரு மஞ்சள் பின்னணி போட்டு, சுற்றிச் சிவப்பில் நட்சத்திரம் தெறிக்க விட்டுவிட்டது.

"சார், ஒரு சின்ன டெஸ்ட்" என்றார் கடைக்காரர். "கையில பிடிங்க. கண்ணை மூடிக்கிட்டு, நேரா நீட்டுங்க. இப்ப கண்ணைத் திறங்க. முன்னால இருக்கற குறியும் பின்னால இருக்கற குறியும் தானா நேர்ல நின்னா, அது உங்க கைக்கு ஏத்த பிஸ்டல்."

கண்ணை மூடுவதா? அதில்தான் எனக்கு ஐம்பது வருட அனுபவம் இருக்கிறதே.

கொய்யாப்பழத்தை நீட்டிக் கண்ணைத் திறந்தேன். குறி இரண்டும் நூல் பிடித்த மாதிரி நின்றன. கறுப்பு அழகியை நீட்டினேன். அது உத்தரத்தில் இருந்த பல்லியைக் காட்டியது.

"பாத்தீங்களா சார்? சின்ன பிஸ்டல் தரமானதுதான். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி வரும். ஆனா குழல் குட்டை, குறி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். இங்க கை ஒரு நூல் ஆடினா அங்க நாலு விரக்கடை தள்ளிப் போயிரும். பழகினவங்களுக்குத்தான் அது சரிப்படும்."

நான் தங்கராஜைப் பார்த்தேன். அவர் இரண்டு பிஸ்டல்களையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் ஒருக்கா போட்டுக் காமிங்க, சத்தத்தக் கேப்பம்" என்றார்.

கடைக்காரர் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டையும் சுட்டுக் காட்டினார். நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று 'டப்' என்றது. இன்னொன்று 'டக்' என்றது. தங்கராஜின் முகம் சுருங்கிப்போனது.

"என்ன அண்ணாச்சி, ரெண்டுமே நமத்துப்போன சரக்கா இருக்கு? இதுக்கா இம்புட்டு தூரம் வந்தம்? இருக்கறதுல அந்தக் குட்டைதான் கொஞ்சம் சத்தம் குடுக்கு. அதையே எடுத்துருங்க."

ஆக, லேபிள்காரன் அழகைப் பார்த்தான், போர்மேன் சத்தத்தைப் பார்த்தார். குறி பார்த்துச் சுடுகிற ஒரு கருவியை, குறியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து வாங்கினோம். கடைக்காரர் பில் போடும்போது பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு ரைஃபிள் கிளப். கோச் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். யூனிவர்சிட்டி மெடல் வாங்கியவராம். முதல் நாளே ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். "டிரிக்கர் அழுத்தி சுடலைன்னா, பிஸ்டலை குறி அட்டைப் பக்கமே நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையைத் தூக்குங்க. நான் வருவேன்." நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பத்து மீட்டர் தூரத்தில் அட்டை. நான் நீட்டுவேன், குறி பார்ப்பேன், அழுத்துகிற நேரம் பார்த்து இரண்டு கண்ணும் தாமாக மூடிக்கொள்ளும். இரண்டாவது வாரம் பக்கத்து லேன்காரர் தன் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துக் குழம்பினார். அவர் சுட்டது பத்து, ஓட்டை பதின்மூன்று.

போன ஞாயிறு வந்தது. மாப்பிள்ளையும் வந்தார். காரில் தங்கராஜும் ஏறிக்கொண்டார், என் திறமையைப் பார்க்க. கிளப்பில் கார்த்திக் என் பிஸ்டலைப் பார்த்துவிட்டு, "சூப்பர் சாய்ஸ் மாமா! முதல்ல நீங்க" என்று ஒதுங்கி நின்றார். அந்த 'சூப்பர்' என் உச்சியைக் குளிர வைத்தது. கூடவே கைகள் நடுங்க ஆரம்பித்தன.

அந்தப் பிஸ்டலின் குழலை முழுசாக மடக்கி, குண்டு போட்டு, நிமிர்த்த வேண்டும். முழுசாக மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் ஏறும். நடுக்கத்தில் நான் பாதிதான் மடக்கியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது. நீட்டினேன். கண்ணை மூடினேன். அழுத்தினேன். 'டக்'குக்காகக் காத்திருந்தேன்...

வரவில்லை.

எங்கள் ஊரில் பற்ற வைத்த வெடி வெடிக்காவிட்டால் என்ன செய்வோம்? கிட்டே போகமாட்டோம். ஆட்களை விலக்குவோம். தண்ணீர் ஊற்றுவோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவி மாதிரி தானாக வரும். கோச் மூன்று முறை சொன்னது அந்த நொடியில் எங்கே போனதோ தெரியவில்லை. பிஸ்டலை மேஜையில் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். "எல்லாரும் பின்னாடி போங்க! கிட்ட வராதீக!" என்று நான் போட்ட சத்தத்தில் அத்தனை லேனும் நின்றுவிட்டது.

தங்கராஜ் என்னைவிட வேகம். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தூணுக்குப் பின்னால் தள்ளினார். வராந்தாவில் தரை துடைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கினார். நான் ஒரு பக்கம் கை கொடுத்தேன். சளார்!

கறுப்பு அழகி பினாயில் தண்ணீரில் குளித்துக் கிடந்தாள்.

கோச் நடந்து வந்தார், பிஸ்டலை எடுத்துத் திறந்து பார்த்தார். "சார், நீங்க இதை முழுசா மடக்கவே இல்ல. ஸ்பிரிங்கே ஏறல" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது வலிக்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஆறு மாதம் தவம் இருந்து கிடைத்த நாலு வார்த்தையும் பினாயிலோடு போய்விட்டது என்றே நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "மாப்பிள்ளை, நான் சொன்னது பொய். எனக்குச் சுடத் தெரியாது. உங்ககூடப் பேசணும்னு ஆசை, அதான்."

கோச்தான் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுல ஒண்ணுகூட ரூல் புக்ல கிடையாது. பிஸ்டலை அப்படியே போட்டுட்டு ஓடுறது பெரிய தப்பு. ஆனா ஒண்ணு சார். சுடலைன்னதும் குழலுக்குள்ள எட்டிப் பாக்கல. படிச்சவங்க நிறைய பேர் முதல்ல அதத்தான் செய்வாங்க."

"எட்டிப் பாக்கவா?" தங்கராஜ் பதறிப்போனார். "அதெப்படிம்மா பாப்பாக? பயந்து பயந்து வேலை பாக்கறதுனாலதான எங்க ஷெட்டுல இதுவர ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல?"

அப்போதுதான் என் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நான் எட்டிப் பாத்திருக்கேன் மாமா. சேர்ந்த புதுசுல. ஒரு மாசம் கிளப்புக்குள்ளயே விடல. உங்க பொண்ணுக்குக்கூடத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்றவர், அதற்கு மேல் அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பினாயில் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அவரே பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஐந்து முறை சுட்டார். ஐந்தும் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள். திரும்பும் வழியெல்லாம் பேச்சு. "உங்ககூட என்ன பேசறதுன்னே தெரியாம ஆறு மாசமா முழிச்சிட்டிருந்தேன் மாமா" என்றார். ஆபீஸ், மேனேஜர், அவர் அப்பாவின் முழங்கால் வலி, என் மகளின் ரசம்... விருதுநகர் தாண்டியும் ஓயவில்லை. பின் சீட்டில் தங்கராஜ் தூங்கிவிட்டார்.

வீடு நெருங்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "உள்ளதைச் சொல்லுங்க மாப்பிள்ளை. நான் எடுத்த பிஸ்டல் எப்படி?"

"பிஸ்டல் ரொம்ப நல்ல பிஸ்டல் மாமா" என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.