பாவாத்தாள் காட்டிய ஊர்

பாவாத்தாளுக்குக் கண்ணாடி கிடைத்தபோது வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர்க்காரி. பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. முதலில் கரும்பலகை போயிற்று. பிறகு எதிரே வருகிறவர்களின் முகம் போயிற்று. கல்யாணத்தின்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சமிருந்தன. பால் கலந்த தண்ணீருக்குள் கிடந்து மேலே பார்ப்பது போல இருக்கும் என்று அவளே சொல்லுவாள்.

புருஷன் வேலுமணி தோட்டத்து வேலையாள். தெரிந்தேதான் கட்டிக்கொண்டான். களை எடுக்க அவளை யாரும் கூப்பிடாததால் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கட்டுக் கட்டும் வேலை அவளுக்கு என்று ஆனது. கைதான் அவளுக்குக் கண். விடியற்காலை முதல் பஸ்ஸில் இருவரும் கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் ஒரே இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து வருஷக்கணக்கில் வியாபாரம் பார்த்தாள். அந்த ஊரை அவள் காதாலும் மூக்காலும் அறிந்து வைத்திருந்தாள். எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்றில் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று மைக் கட்டிய வேன் ஊருக்குள் வந்தது. "இருக்கற வெளிச்சமும் போயிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்று பாவாத்தாள் பயந்தாள். வேலுமணி போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து இன்னொரு கண். ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தபோது நிறங்கள் திரும்பி வந்தன. ஆனால் எல்லாமே மழையில் நனைந்த கோலம் போலக் கலங்கித் தெரிந்தன. புண் ஆறியதும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் கண்ணாடி.

சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடியை அவள் காதில் மாட்டிவிட்டது நஃபீசா. கோட்டைமேட்டுக்காரி. அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கைக்குக் கை உதவி, வாய்க்கு வாய் பேச்சு.

"இப்பக் கண்ணைத் தொற அம்மணி. பைய."

எதிரே வேலுமணி போட்டோவுக்கு நிற்பது போலத் தலையைப் படிய வாரிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தான். பாவாத்தாள் அவனைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்த முகம். விரலால் தடவித் தெரிந்துகொண்ட முகம்.

"ஏனுங்க, உங்க மூக்கு இத்தனை பெருசுங்களா?"

வார்டே சிரித்தது. வேலுமணி சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"கண்ணாடி அப்படித்தான் காட்டும்" என்றாள் நஃபீசா. "எல்லாமே ஒரு சுத்து பெருசாத் தெரியும். பழகிக்கும்."

மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று வேலுமணி அவசரப்பட்டான். நஃபீசா விடவில்லை.

"ஊட்டுக்குப் போயி என்னத்தப் பாக்கறது? அடுப்பையும் அண்டாவையுமா? இன்னைக்கு ஊரப் பாத்துப்போட்டுப் போங்க."

"ஊரு பாக்கறதுன்னா அங்கங்க டிக்கெட்டு கேப்பாங்களேங்க" என்றான் வேலுமணி.

"கேக்காத எடமாத்தான் சொல்றேன். எனக்கும் டூட்டி முடிஞ்சுது. நானும் வாரேன்."

டவுன் பஸ்ஸில் பாவாத்தாளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கட்டடம், கார், சினிமா போஸ்டர் எல்லாம் ஓடின. அவள் அவற்றை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ரோட்டில் நடக்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெகு நேரம் கழித்து நஃபீசாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"ஒருத்தரு மாதிரி இன்னொருத்தரு இல்லீங்களே! இத்தனை சனம் போகுது, ஒரு மூஞ்சிகூடத் திரும்ப வரலையே!"

நஃபீசாவும் குனிந்து ஜன்னல் வழியே பார்க்க ஆரம்பித்தாள்.

டவுன்ஹாலில் இறங்கி மணிக்கூண்டின் அடியில் நின்றார்கள். அந்த இடத்தில் பாவாத்தாள் எத்தனையோ தடவை போகிற வருகிறவர்களிடம் மணி கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவரும் ஒரு நொடி தாமதித்து, குரலை எங்கோ மேலே எறிந்து பதில் சொல்வார்கள். ஏன் அப்படி என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. இப்போது தலையைத் தூக்கினாள். வானத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கடிகாரம்.

"அட, இதப் பாத்துத்தான் சொன்னாங்களா!"

அங்கிருந்து மார்க்கெட்டுக்குள் நுழைந்தார்கள். அவளுடைய மார்க்கெட். சந்து பொந்தெல்லாம் அத்துப்படி என்று தைரியமாக முன்னால் நடந்தாள். முதலில் தக்காளிக் குவியல் அவளை நிறுத்தியது. அடுத்தது கத்தரிக்காய். ஊதா நிறத்தில் மின்னிய ஒவ்வொரு காயின் மேலும் கூரை ஓட்டை வழியே வந்த வெயில் பொட்டாக உட்கார்ந்திருந்தது. குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். ஆயிரம் தடவை தொட்ட காய்தான். ஆனால் இப்படி ஒரு வழவழப்புக்கு இப்படி ஒரு நிறம் உண்டு என்று கை அவளுக்குச் சொன்னதில்லை. பூக்கடைப் பக்கம் திரும்பினாள். செவ்வந்தியும் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் மலைபோலக் கிடந்தன. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது வேலுமணியைக் காணோம். நஃபீசாவையும் காணோம்.

மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு இடித்துப் போனார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு சந்து. அந்தப் பக்கம் பார்த்தால் அதே மாதிரி இன்னொரு சந்து. எல்லாக் கடையும் ஒரே கடை போலத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் தடுக்காமல் நடந்த இடத்தில் கால் ஒரு அடி எடுத்து வைக்க மறுத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள்.

அப்போதுதான் மார்க்கெட் அவளிடம் திரும்பி வந்தது. வலப்பக்கம் வரமிளகாய் நெடி. அதைத் தாண்டினால் ஈரச் சாக்கும் வாழையிலையும் மணக்கும். அப்புறம் வெங்காய மண்டியில் தராசுத்தட்டு தரையில் மோதும் சத்தம். அங்கே இடதுபுறம் திரும்பினால் அவள் உட்காருகிற இடம். கண்ணைத் திறக்காமலே நடந்து போய்ச் சேர்ந்தாள். வேலுமணி அங்கேதான் நின்று பதறிக்கொண்டிருந்தான்.

"எங்க போன புள்ள? கண்ணு தெரிஞ்சும் தொலஞ்சு போறயே!"

"கண்ணு தெரிஞ்சதுனாலதானுங்க தொலஞ்சேன்."

பின்னாலேயே ஓடி வந்த நஃபீசா அதைக் கேட்டு, மூச்சு வாங்கியபடியே சிரித்தாள்.

உக்கடம் பெரிய குளத்தின் கரைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. தண்ணீர் இத்தனை அகலமாகப் படுத்துக் கிடக்கும் என்று பாவாத்தாள் நினைத்ததில்லை. ஓரத்தில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஒன்று பறந்தது. அது பறக்கும்போது தண்ணீருக்குள்ளும் ஒன்று பறந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்கு அப்பால், மேற்கே, நீலமாக நீண்டு கிடந்ததைக் காட்டினாள்.

"அங்க என்னுங்க, மழை மேகமுங்களா?"

"மலை புள்ள. நம்மூரு மலைதான்" என்றான் வேலுமணி.

"நம்மூரு மலையா? அது நம்மூட்டுக்குப் பொறகாலேல்ல இருக்குது!"

"அதேதான். இங்கிருந்து பாத்தா அப்படித் தெரியுது."

அவளுக்கு மலை என்பது ராத்திரிக் காற்று வருகிற திசை. யானை இறங்கிவிட்டது என்று ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு ஓடுகிற திசை. அந்தப் பக்கம் ஏதோ கருப்பாக நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும். இவ்வளவு பெரியதன் காலடியில் இத்தனை வருஷம் சோறு ஆக்கி, துணி துவைத்து, தூங்கி எழுந்திருக்கிறோம் என்பது அவள் நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

நஃபீசா பஸ் ஸ்டாண்டில் விடைபெற்றபோது ஒன்று சொன்னாள். "போற வழியில பேரூர் கோயில்ல எறங்குங்க. உள்ள மண்டபத்துல மேல நிமிந்து பாக்கோணும்னு பேசண்டுக சொல்லுவாங்க. நான் போனதில்ல. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு கண்ணு."

அந்தக் கோயில் பாவாத்தாளுக்குப் புதிதல்ல. கல்யாணம் முடிந்து வந்திருக்கிறாள். தூண்களைத் தடவி, இது யாளியின் பல், இது குதிரையின் கால் என்று கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் கை எட்டுகிற உயரத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது மண்டபத்தில் நின்று அண்ணாந்தாள். கூரையில் கல்லில் தாமரை விரிந்திருந்தது. அதைச் சுற்றிக் கிளிகள். அங்கிருந்து கல்லாலேயே ஆன சங்கிலி தொங்கியது, வளையத்துக்குள் வளையம் கோத்து.

"இது எப்படிங்க? ஒட்டுப் போட்ட எடமே தெரியலையே."

மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றை நிறுத்தினாள். "ஒரே கல்லுங்களாமா. நானும் தெனமும்தான் பாக்கறேன், எப்படின்னு தெரியலீங்க."

இரண்டு பெண்களும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று மேலே பார்த்தார்கள். நடை சாத்துகிற நேரம் வந்ததும் வேலுமணிதான் அவளைத் தோளைத் தொட்டு இந்த உலகத்துக்குக் கூட்டிவந்தான்.

அடுத்த தடவை செக்கப்புக்குப் போனபோது பாவாத்தாள் தன் வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிடித்து நஃபீசாவுக்கு அந்தச் சங்கிலியைக் காட்டினாள். நஃபீசா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாளான்னிக்கு மேட்டுப்பாளையத்துப் பக்கத்துப் பொம்பளைங்க ரெண்டு பேருக்குக் கண்ணாடி குடுக்கறாங்க. நீ வந்து அவங்களுக்கும் ஊரக் காட்டேன். எனக்கு அன்னைக்கு லீவு இல்ல" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் அவளை வேலைக்கு வைக்கவில்லை. மார்க்கெட்டில் கட்டுகள் விற்றுத் தீர்ந்ததும் சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவாள். புதுக்கண்ணாடிக்காரர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு புறப்படுவாள். மணிக்கூண்டு, பூக்கடை, குளத்துக்கரை. மேற்கே போகிற ஆட்களாக இருந்தால் பேரூர். மார்க்கெட்டுக்குள் நுழையும் முன் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைப்பாள்: "வழி தெரியலைன்னா பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கங்க."

முகாம் வேன் வருகிற ஊர்களுக்கும் அவள் முன்கூட்டியே போனாள். ஆபரேஷன் என்றாலே பயந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறவர்களிடம் வைத்தியம் பேசமாட்டாள். கத்தரிக்காயின் நிறத்தைப் பற்றிப் பேசுவாள். நாலைந்து வருஷத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் 'கண்ணாடிக்காரம்மா' என்றால் தெரியாதவர் இல்லை.

தொண்ணூற்றாறில் தாராபுரத்திலிருந்து அங்கப்பன் என்று ஒரு பெரியவர் வந்தார். நில புலன் உள்ளவர். மகன்கள் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்துதான் ஆபரேஷன் செய்ய வைத்தார்கள். கண்ணாடி போட்டதும் மூத்த மகனைப் பார்த்து, "என்னடா இப்படி இளச்சுப் போயிட்ட?" என்று ஒரு அதட்டல். பாவாத்தாள் கூப்பிட்டதும் அதற்கும் ஒரு அதட்டல்.

"கொளத்தப் பாக்கறதுக்கா அத்தன தூரத்துலிருந்து வந்தேன்? எங்கூர்ல அமராவதி ஆறே ஓடுது!"

"சரிங்க பெரியவரே, சும்மா காலாற நடந்துட்டு வரலாமுங்க" என்றாள் அவள்.

அன்று கூட இன்னும் நான்கு புதுக்கண்ணாடிக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரையும் வரிசையாகக் கைபிடிக்கச் சொல்லி ஒரு நாற்சந்திக்கு வந்தபோது அங்கப்பன் நின்றுவிட்டார். இழுத்தும் நகரவில்லை. எதிரே சிக்னல் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து, அப்படியே அடங்கி நின்றது. பின்னால் பஸ் நின்றது. பச்சை. எல்லாம் புறப்பட்டன.

"இத யாரம்மா போடறது?"

"தானா மாறுமுங்க."

"ஆளில்லாமயா?"

"ஆமாங்க."

அங்கப்பன் அடைத்திருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். மறுபடி சிவப்பு. மறுபடி லாரி நின்றது. "அந்தத் தடியனப் பாரு, எப்படி நிக்கறான்!" என்றார். "எங்கூட்டுல நான் தொண்டை கிழியக் கத்துனாக்கூட ஒருத்தன் நிக்க மாட்டான்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துத் தான் பார்த்ததில்லை என்று மூத்த மகன் பிற்பாடு பாவாத்தாளிடம் சொன்னான்.

கூட வந்த நான்கு பேரும் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். பாவாத்தாள் அந்த விளக்கைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறாள். மாறுகிற நேரம் பார்த்து ரோட்டைத் தாண்டியதோடு சரி, நின்று பார்த்ததில்லை. இப்போது அவளும் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாள். சிவப்பு இருட்டி, பச்சை பளிச்சென்று பிறந்தது. ஒரு சைக்கிள்காரன், ஒரு ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்த ஒரு ரிக்ஷா, எல்லாம் அந்த நிறத்துக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பின.

"அடுத்த பச்சைக்கு எந்திரிச்சுப் போலாமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆகட்டும்" என்றார் அங்கப்பன்.

அடுத்த பச்சை வந்தது, போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.