பொட்டு வைக்காத பைகள்

திருவையாற்றில் எனக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. இலங்கைப் போரில் எல்லாவற்றையும் இழந்து படகேறி வந்தவர்களின் முகாம் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அரிசி அரசாங்கம் கொடுக்கிறது. சீப்பும் சோப்பும் யார் கொடுப்பார்கள்? அது நம் டிபார்ட்மென்ட் என்று போன வருஷம் ஒருநாள் கிளம்பிவிட்டேன்.

முன்கூட்டியே பெண்களின் பட்டியலை வாங்கி, ஆளுக்கொரு பை கட்டினேன். சோப்பு, சீப்பு, தேங்காய் எண்ணெய், ஊக்கு, கண்ணாடி வளையல், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு, ஒரு முழம் கதம்பம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் பூவும் பொட்டும் சேர்த்துத்தான் கொடுப்போம். கணவர் பெயர் காலியாக இருந்த ஒன்பது பேரின் பைகளிலிருந்து மட்டும் பூ, பொட்டு, வளையல் மூன்றையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு இன்னொரு சோப்பு வைத்தேன். பாவம், அவர்கள் மனசு நோகக் கூடாதே என்ற அக்கறை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குறுவை அறுப்பு நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது. கதம்பம் வாடுகிறதே என்று டிரைவரிடம் எரிந்து விழுந்தேன்.

எல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒரு பெண் திரும்பி வந்தாள். என் வயதுதான் இருக்கும். பையை விரித்துக் காட்டினாள்.

"அக்கா, எனக்குப் பொட்டு வைக்க மறந்திட்டியள்."

"லிஸ்ட்ல உங்க வீட்டுக்காரர் பேர் இல்லீங்களே" என்றேன்.

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். இன்னும் விடேல்ல."

"எத்தனை வருஷமாச்சு?" என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

"பதினேழு."

அப்போதுதான் அவள் நெற்றியைச் சரியாகப் பார்த்தேன். சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. போரின் கடைசி மாதங்களில், அவரைப் பிடித்துப் போன பிறகு, பதுங்கு குழியில் இருந்தபோது குங்குமம் தீர்ந்துவிட்டதாம்.

"செங்கல்லை உரசி வச்சனான். தண்ணி இல்லாத நாளில துப்பலைத் தொட்டு உரசினனான். ஒரு நாளும் வைக்காமல் விடேல்ல" என்றாள். குரலில் அழுகை இல்லை.

நான் மலைத்துப்போனேன். பொட்டு விற்றே பிழைக்கிறவள் நான். அவசரத்தில் வெறும் நெற்றியோடு கடை திறந்த நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. தலைக்கு மேல் குண்டு விழும்போது இவள் செங்கல் துண்டைத் தேடியிருக்கிறாள். நானோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பட்டியலைப் பார்த்து அவள் கணவரைக் கொன்றிருக்கிறேன். அவள் எதிரில் நிற்கவே கூசியது. ஆனால் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

எடுத்துவைத்த பொட்டு அட்டைகள் என் கைப்பையிலேயே இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஏழு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வந்தவள் அட்டையை வாங்கி, சிவப்பு வட்டங்களைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் அக்கா. நான் அவரின்ர உடம்பைக் கண்ணால கண்டனான்."