தன்னாமுனைக் குரலில் அக்கிராசன உரை

இந்த முறை ஜனாதிபதியின் அக்கிராசன உரையை நான் தன்னாமுனைப் பெண் ஒருத்தியின் குரலில் கேட்டேன்.

ஆச்சரியப்படாதீர்கள். தமிழில் கேட்டிருந்தால் நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்!

ஜனாதிபதி சிங்களத்தில் பேசுகிறார். ரீவியில் அவர் வாய் அசைகிறது. நம் காதில் விழுவதோ ஒரு பெண்ணின் தமிழ். 'எனது அரசாங்கம்' என்கிறாள். 'நான் உறுதியளிக்கிறேன்' என்கிறாள். யார் இந்த 'நான்'? இத்தனை வருஷமாக ரீவி பார்க்கிறேன், ஒரு நாளாவது யோசித்தேனா? தமிழும் ரீவிப் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது என்று நினைத்திருந்தேன் போல.

அந்தக் குரலின் பெயர் ஜெனிற்றா. பாராளுமன்றத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்து உடனுக்குடன் தமிழாக்கிப் பேசுகிற மொழிபெயர்ப்பாளர். மட்டக்களப்புத் தன்னாமுனையில், வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவளது வீடு. தாய் பிலோமினா அக்கா எனக்குப் பல காலப் பழக்கம். உரைக்கு முதல் நாள் அவர்தான் போன் எடுத்தார்.

"தங்கச்சி, நாளைக்கு எங்கட ஜெனி பாராளுமன்றத்தில பறையிறாள். நீங்களும் வாங்ககா. தனியக் கேக்க எனக்கு ஒரு மாதிரி இரிக்கி."

பறைவது என்றால் எங்கள் மட்டக்களப்பில் பேசுவது. சொல்லின் வாலில் வரும் 'கா' எங்கள் ஊர் உரிமை. ஜனாதிபதி பேசப்போகிறார் என்று நாடே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெனி பேசப்போகிறாள் என்கிறார் ஒரு தாய்!

உண்மையைச் சொன்னால், இந்த மாதிரி உரைகள் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். பள்ளிக்கூடக் காலத்தில் பத்மாசனம், வச்சிராசனம் வரிசையில் அக்கிராசனமும் ஏதோ ஒரு யோகாசனம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பாராளுமன்றக் கூட்டத்தொடர் புதிதாகத் தொடங்கும்போது நாட்டின் தலைவர் அந்தப் பெரிய கதிரையில் அமர்ந்து, 'இதையெல்லாம் செய்யப்போகிறேன்' என்று சொல்வதுதான் அக்கிராசன உரை என்று தெரிந்த பிறகும், கொட்டாவி நின்றபாடில்லை. ஆனால் பிலோ அக்கா கூப்பிட்டால் தட்ட முடியுமா?

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. பின்னால் சாரங்களும் சட்டைத்துணிகளும் கட்டிய பெரிய பொட்டலம். ஏறாவூர் மீரா நானா! முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். இவர் ஊர் ஊராகத் துணி விற்பவர். வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ரீவிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன முறை ஒங்கட மகள் இந்த ரோட்டெல்லாம் காபட் போடுறெண்டு சொன்னாவே அக்கா. எப்பயாம் தொடங்குற?"

"அவளா போடப்போறாள் நானா? அவள் பறையிறவள். அவ்வளவுதான்!"

பிலோ அக்காவுக்கு இது பழகிப்போன தொல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், மண்ணெண்ணெய் மானியம் எப்போது வரும் என்று தோணிக்காரர்கள் மறிப்பார்களாம். உரம் எங்கே என்று வயல்காரர்கள் கேட்பார்களாம். 'உங்கட மகள்தானேகா சொன்னவ?' என்பார்களாம். ஜனாதிபதியை மறித்துக் கேட்க முடியாது. அவர் குரலின் தாயாரை மறிக்கலாம் இல்லையா?

சிரிப்பாக இருக்கிறது... ஆனால் அந்த வேலை என்ன வேலை என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். காதில் ஒரு மொழி ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓட ஓட வாயால் வேறு மொழி பேச வேண்டும். பேசும்போதே அடுத்த வசனத்தைக் கேட்க வேண்டும். சிங்களத்தில் 'இல்லை' என்பது கடைசியில் வருமா, நடுவில் வருமா என்று காத்திருக்கவும் வேண்டும், காத்திருக்காமல் பேசவும் வேண்டும்.

இதை நான் வீட்டில் செய்து பார்த்தேன். வானொலிச் செய்தியைப் போட்டுவிட்டு, அது சொல்லச் சொல்ல நானும் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கக்கூட வேண்டாம், தமிழுக்குத் தமிழ்தான். இரண்டாவது வசனத்திலேயே அமைச்சரும் கத்தரிக்காய் விலையும் ஒன்றாகக் கலந்து, என் கணவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

ஜெனி எங்கே படித்தாள் இந்த வித்தையை? பல்கலைக்கழகம், பயிற்சி எல்லாம் பிறகு வந்தவை. அவளது முதல் வகுப்பு, அரசாங்கக் கந்தோர் வாசல்கள்.

பிலோ அக்காவின் மூத்த மகன் அன்ரன். யுத்தக் காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போனவனை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டவர்கள் இருந்தார்கள். யார் ஏற்றியது என்று கேட்டால், அன்றைக்கு ஆயுதம் வைத்திருந்த எல்லோரும் இன்றுவரை ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். மகனைத் தேடிக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய பிலோ அக்காவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டுச் சிங்கள மெக்கானிக்கின் பிள்ளைகளோடு விளையாடி ஜெனிக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடச் சட்டையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போவார். அம்மா அழுவதை அவள் சிங்களத்தில் சொல்வாள். அங்கே சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள்.

"ஒரு நாள் ஒருத்தர் மேசையில அடிச்சுக் கத்தினார் தங்கச்சி. என்ன சொல்லுறார் எண்டு கேட்டன். 'அடுத்த மாசம் வரட்டாம் அம்மா' எண்டாள். மேசையில அடிச்சா அடுத்த மாசம் வரச் சொல்லுற? எனக்கு விளங்கினதான். ஆனா அவள் சொன்னதையே நம்பிக்கிட்டுப் போனன்."

அந்த வயதிலேயே அவள் அம்மாவுக்காகச் சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறாள்.

சரி, உரைக்கு வருகிறேன். பிலோ அக்கா அன்றைக்கு ரோட்டைப் பற்றியோ மானியத்தைப் பற்றியோ கேட்க உட்காரவில்லை. அவர் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு.

தமிழில் 'காணாமல் போனவர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று இன்னொன்று இருக்கிறது. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். பிலோ அக்காவுக்கு முன்னால் முதலாவதைச் சொல்லிப் பாருங்கள்! பங்குத் தந்தையைத் திருத்தியிருக்கிறார். விசாரிக்க வந்த அதிகாரியைத் திருத்தியிருக்கிறார். என்னையும் திருத்தினார்.

"ஆடு காணாமப் போகும். குடை காணாமப் போகும். என்ட மகன் போகல்ல. ஏத்திக்கிட்டுப் போனாங்க."

அந்த அக்கிராசனத்தில் இருந்து, நாட்டின் பெரிய வாயால், 'ஆக்கப்பட்டவர்' என்று ஒரு தடவை வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது. வந்தால் மகன் திரும்பி வருவானா? மாட்டான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவன் தானாகத் தொலைந்த பிள்ளை இல்லை என்றாவது நாடு ஒத்துக்கொண்டதாக இருக்கும்.

அந்த விஷயம் இந்த உரையில் வரும் என்று பேச்சு அடிபட்டது. சிங்களத்திலும் இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். எந்த விதம் வரும்?

மீரா நானாவிடம் வழி இருந்தது. "இதுக்கு என்னத்துக்கு அக்கா யோசிக்கிற? அவர் எதச் சொன்னா என்ன, மகள் நம்மட சொல்லைப் போட்டாச் சரிதானே! தமிழ்ல கேக்குற ஆக்களுக்கு அதுதானே கேக்கும்!"

நானும் தலையாட்டினேன். ஒரு சொல்தானே? ஒரு தாயின் மனம் ஆறுமென்றால் போட்டால் என்ன? சின்ன வயதில் செய்தவள்தானே?

பிலோ அக்கா கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்துப் போன்ல கேட்டன் நானா. 'அம்மா, அந்தக் கண்ணாடி ரூமுக்க போனா எனக்கு அண்ணன் இல்ல' எண்டாள்."

உரை தொடங்கியது.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன்! வீட்டில் 'அம்மா, சோறு போடுங்க' என்கிற அதே குரல்தான். ஆனால் நிமிர்ந்து நின்றது. பொருளாதாரம், கடன், கல்வி என்று ஜனாதிபதி நிறுத்திய இடமெல்லாம் நிறுத்தி, ஏறிய இடமெல்லாம் ஏறிப் போனது. அவர் மேசையைத் தட்டியபோது குரலும் ஒரு தட்டுத் தட்டியது. நான் கொட்டாவியை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஒரு காலத்தில் கந்தோர் வாசலில் வரிசையில் நின்ற பிள்ளை, 'எனது அரசாங்கம்' என்கிறாள்... நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது!

நடுவில் குரல் மாறியது. ஒரு ஆண் பேசத் தொடங்கினார். ஒருவரே தொடர்ந்து பேசினால் மூளை களைத்துவிடுமாம், மாறி மாறித்தான் பேசுவார்களாம். பிலோ அக்கா எழும்பிப்போய் அடுப்பில் சோற்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஜனாதிபதி அங்கேதான் இருக்கிறார், உரையும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் இடைவேளை!

ஜெனியின் குரல் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஜனாதிபதி கையில் இருந்த தாளை வைத்துவிட்டார். நேரே பார்த்துப் பேசத் தொடங்கினார். 'யுத்தத்தின் வலி வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் ஒன்றே' என்றாள் ஜெனி. 'தாய்மாரின் கண்ணீருக்கு மொழி இல்லை' என்றாள்.

மீரா நானா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். பிலோ அக்கா கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

'அந்தக் காலத்தில்...' என்ற குரல், நின்றது.

ஜனாதிபதியின் வாய் அசைகிறது. தமிழ் வரவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்குமா?

'...காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு நீதியை நிலைநாட்டுவோம்' என்றாள் ஜெனி. அதே நிமிர்ந்த குரல். ஒரு நடுக்கம் கிடையாது. அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.

மீரா நானா மெதுவாக எழும்பி, 'வாறன் அக்கா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உரை முடிந்தது. சபையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு ரீவியில் வழக்கமான கச்சேரி. ஆளும் கட்சிக்கு அது சரித்திர உரை. எதிர்க்கட்சிக்கு அது வெறும் காற்று. யார் யாரோ கோட் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொரு வசனமாகப் பிரித்து மேய்ந்தார்கள். அந்த ஒரு சொல்லை யாரும் தொடவில்லை.

பிலோ அக்கா எனக்குச் சோறு போட்டார். மீன் குழம்பு. தான் சாப்பிடவில்லை. எனக்கு ஜெனி மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு கெட்டித்தனம் இருந்து என்ன? பெற்ற தாய்க்கு ஒரு சொல்லை மாற்றிப் போட முடியாத படிப்பு என்ன படிப்பு?

பின்னேரம் போன் வந்தது. பிலோ அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"ஓம்." பொய்!

"கேட்டீங்கதானே?"

"கேட்டன் மகள். அவர் அப்பிடித்தான் சொன்னவரா?"

"அவர் அப்பிடித்தான் சொன்னார் அம்மா."

"சின்னனில எனக்காக மாத்திச் சொல்லியிருக்காய்தானே? இண்டைக்கும் சொல்லியிருக்கலாமே. எனக்கு எங்க சிங்களம் விளங்கப்போகுது?"

ஜெனி பேசினாள். நாடு கேட்ட குரல் இல்லை, அழுகிற மகளின் குரல்.

"வாய் வரைக்கும் வந்ததம்மா. ஆனா நான் மாத்திச் சொல்லியிருந்தா அவர் சொல்லிட்டார் எண்டு நீங்க நம்பியிருப்பீங்க. நம்மட சனமெல்லாம் நம்பியிருக்கும். அதுக்கு மறுகா ஆரு அவர்ட்டப் போய்க் கேக்கிற? நான் சொல்லிட்டா, அவர் சொல்லத் தேவையில்லாமப் போயிரும்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஒரு மூச்சு நேரத்தில், காதில் ஒரு மொழியும் வாயில் இன்னொரு மொழியும் ஓடிக்கொண்டிருக்க, அண்ணனையும் அம்மாவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இதையும் யோசித்திருக்கிறாள்! எத்தனை பேர் எத்தனை மேடைகளில் பேசிக் கேட்டிருப்போம்? சொல்லாத ஒரு சொல்லை இப்படிக் காவல் காத்தவரைக் கண்டிருக்கிறோமா?

பிலோ அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"சரி மகள். அவர் அதைச் சொல்லுற அண்டைக்கு நீதான் அந்த மைக்கில இரிக்கணும். வேற ஆரும் சொல்லி எனக்குக் கேக்க ஒண்ணாது."

ஜனாதிபதி அவர்களே... குரல் எங்களிடம் தயாராக இருக்கிறது. சொல்தான் உங்களிடமிருந்து வர வேண்டும்.