பத்தேகால் மணி விமானம்

பல் துலக்கியதும் சுப்பராயலு வாசலுக்கு வந்து கெடிலக் கரையில் இருக்கும் செங்கல் சூளையின் புகையைப் பார்க்கிறான். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று ஒரு கண்ணை மூடிக் கணக்குப் போட்டுவிட்டு, "வாடை. பத்து மைல் வேகம் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் காப்பி. இத்தனைக்கும் அன்றைக்கு அவன் போகப்போவது மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும், அதுவும் ஜட்கா வண்டியில். காற்று எப்படி அடித்தால் இவனுக்கு என்ன?

அந்த ஜட்காவிலும் சும்மா ஏறமாட்டான். "வக்கீல் சார் நூத்தித் தொண்ணூறு பவுண்டு, நான் நூத்தி நாப்பது. அவர முன்னால தள்ளு" என்பான். வண்டிக்காரக் கண்ணாயிரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இருவது வருசமா முன்பாரம் பின்பாரம் பாத்துத்தான் ஓட்டறேன். நீ பிளேன ஓட்டு தம்பி, குதிரைய நான் ஓட்டறேன்" என்பான். ஆளைக் கண்டதும் எடை சொல்லும் வழக்கம் சுப்பராயலுவுக்கு யுத்தத்தில் வந்தது. பர்மா முனைக்கு அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஏற்றிப்போன டகோட்டா விமானத்தில் மூன்று வருஷம் இருந்தவன். யுத்தம் முடிந்தது. இருபத்தெட்டு வயது விமானி, வேலையில்லாமல் கடலூரில் வந்து உட்கார்ந்தான்.

நான் சுப்பராயலு வீட்டு மாடியில் ஒரே அறையில் குடியிருக்கிறேன். மொட்டை மாடிதான் எனக்கு வாசல். ஏணியில் நாலு படி ஏறினாலே எனக்குக் கிறுகிறுக்கும். அதனாலேயே அவனிடம் எனக்கு ஒரு மரியாதை. கொஞ்சம் பயமும் உண்டு.

ஐப்பசி கடைசியில் அவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. பம்பாய்க் கம்பெனி ஒன்று மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் தருகிறேன் என்றது. கராச்சியில் ஜாகை, மாதத்துக்கு நூற்றிருபது மணி நேரம் பறக்கவேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டு நாள் லீவு. இன்னொன்று சென்னையில் புதிதாக ஆரம்பித்த கம்பெனி. பட்டாளத்தில் கழித்த இரண்டு விமானத்தை வாங்கிக் கொழும்புக்கு விடுகிறார்கள். சம்பளம் ஐந்நூற்று ஐம்பதுதான். ஆனால் காலையில் போனால் சாயங்காலம் சென்னை, சனிக்கிழமை ரயிலேறினால் கடலூர். கார்த்திகை பதினைந்துக்குள் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் யோசனை கேட்டான். சவரம் செய்யும் சின்னையன், "ஆயிரத்து எரநூறா! கலெக்டருகூட இவ்ளோ வாங்கறாரோ என்னமோ" என்று கத்தியை நிறுத்திவிட்டான். அப்பா தேவநாதன் கலெக்டர் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். சிதம்பரம் கீழவீதியிலிருந்து மாமனார் ராஜசபேசன் வந்திருந்தார். அவருக்கு ஒரே நிபந்தனை. "எந்தக் கம்பெனின்னாலும் சரி மாப்ளே, நடராஜர் தலைக்கு மேல மட்டும் பறக்காதீங்க" என்றார். "கோபுரத்துக்குக் கெழக்கே ரெண்டு மைல் தள்ளித்தான் போவேன் மாமா" என்று இவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஊரில் அவன் கேட்காமல் விட்டது ஒரே ஒருத்தியை. அவன் மனைவி பார்வதத்துக்கு அப்போது ஆறாம் மாதம்.

கார்த்திகை பிறந்ததும் சென்னைக் கம்பெனி ஒரு வாரம் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று கூப்பிட்டது. புறப்படும்போது பார்வதத்திடம், "கடலோரமாத்தான் போவோம். பத்தேகாலுக்கு நம்ம மாடிக்கு மேல வருவேன். உன் அரக்குச் சேலையக் கொடியில போட்டு வை. வீடு எதுன்னு தெரியும், எறக்கைய ஆட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த யோசனையை மட்டும் அவன் யாரிடமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அப்படியே வந்தான். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து போயிற்று. முருங்கை மரத்துக் காக்கைகள் கலைந்தன. பார்வதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அறைக்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வந்தான். புதன்கிழமை காலையிலிருந்தே கடல் பக்கம் கருத்திருந்தது. பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. சேலை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"ரயிலே ரெண்டு மணி லேட்டா வருதே பார்வதம், இது வராதா?" என்றேன், ஏதோ பெரிய ஆறுதல் சொல்வதாக நினைத்து.

"ரயிலு லேட்டானா எங்கனா நின்னுகினு இருக்கும் மாமா. இது எங்க நிக்கும்?" என்றாள்.

குடையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூறலில் சேலை நனைந்து தொங்கியது. அவள் அதை எடுக்கவுமில்லை, கீழே போய்ச் சாப்பிடவுமில்லை. திரும்பி வரும் விமானமாவது தெரியுமென்று நாலரை மணி வரை நின்றாள். தேவநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவர், கதவு சாத்தும்போதுதான் எழுந்து வந்தார். மறுநாள் பத்தேகாலுக்கு விமானம் வந்து இறக்கையை ஆட்டியபோது, பார்வதம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை சுப்பராயலு கொழும்பு பிஸ்கோத்து டப்பாவோடு வந்து இறங்கினான். முகத்தில் சிரிப்பு. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். புதன்கிழமை ஏன் வரவில்லை என்றுதான் பார்வதம் முதலில் கேட்டாள்.

"புதன்கெழமையா? கடல் பக்கம் மேகம். விழுப்புரம் பக்கமா சுத்திப் போனோம். அதுக்கா இப்டி?" என்றான்.

"எனக்கு விழுப்புரம்லாம் தெரியாதுங்க. பத்தேகால்தான் தெரியும்" என்றாள் பார்வதம். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள். "நீங்க கராச்சிக்கே போங்க. வாரத்துக்கு ஒரு கடுதாசி வரும். வர்ற வரைக்கும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்கறேன். இங்க இருந்தா தெனம் ரெண்டு தடவ சாவணும். சிதம்பரத்துக்குப் பிரசவத்துக்குப் போனாலும் பத்து நிமிசத்துல அங்கயும் வருமே அது."

அவன் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று விளக்கு வைத்த பிறகு இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். "அவ நிம்மதிக்காகத்தான் கொறஞ்ச சம்பளம் போதும்னு இருந்தேன் மாமா. இப்ப அந்த நிம்மதியே இல்லைங்கறா. அப்ப அந்த ஆயிரத்து எரநூற எதுக்கு விடறேன்?" என்றான்.

"அப்போ கராச்சிக்கே போயேன்" என்றேன்.

"பர்மாவுல ராத்திரி பகல்னு பறந்தோம். நாலாம் நாள் கண்ணு எரியும். மீட்டர்ல ரெண்டு முள்ளு மூணாத் தெரியும். நூத்திருவது மணி நேரம்னா அதுதான் மாமா. ஜாஸ்தி சம்பளம் அதுக்குத்தான் குடுக்கறான். கடுதாசி வாரா வாரம் வரும், ஒரு வாரம் வராது" என்றான். ஆள் எடையைப் பார்வையிலேயே சொல்கிறவன், இரண்டு காகிதத்தையும் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை செங்கல் சூளையைப் பார்க்காமலே தந்தி ஆபீசுக்குப் போனான். பம்பாய்க்கு முடியாது என்று ஒரு தந்தி. சென்னைக்குக் கொஞ்சம் நீளமான தந்தி: கொழும்பு வேண்டாம், பெங்களூர் போகும் சின்ன விமானத்தைக் கொடுங்கள். சரி, ஆனால் நானூற்று எழுபத்தைந்துதான் என்று புதன்கிழமை பதில் வந்தது. பெங்களூர் விமானம் மேற்கே போகிறது. கடலூர் பக்கம் தலைகாட்டாது. மகன் சொன்னதைக் கேட்ட தேவநாதன் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டவர், சாப்பாட்டு வேளை வரைக்கும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இரண்டு பேரும் அடுக்களையில் சத்தமில்லாமல் பாத்திரம் துலக்கினார்கள்.

வியாழக்கிழமை பேப்பர் வாங்கக் கீழே போனேன். கூடத்தில் சுப்பராயலு இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐந்தடி தள்ளிப் பின்கட்டில் பார்வதம் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

அப்போது வடக்கேயிருந்து அந்த இரைச்சல் வந்தது. கொழும்பு விமானம், வேறு யாரோ ஒரு விமானி ஓட்டிப்போகிறான். புருஷன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான், அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அவள் கை குழவியின்மேல் நின்றுவிட்டது. இரைச்சல் நெருங்க நெருங்க அவள் உதடு வெளுத்தது.

சுப்பராயலு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இலையை விட்டு எழுந்தான். எச்சில் கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் கையோடு சேர்த்துக் குழவியை இடக்கையால் பிடித்துக் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தான். மாவு இரண்டு பேர்மேலும் தெறித்தது. விமானம் தெற்கே போய் நெடுநேரம் ஆன பிறகும் அவன் சுற்றுவதை நிறுத்தவில்லை.