நீல வண்டியின் இரண்டு பாதிகள்

என் அண்ணனுக்குத் தொழில் வெல்டிங். எங்கள் பகுதியில் பாதி வீடுகளின் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் பற்றவைத்தவைதான். பட்டறையில்தான் அப்படி, வீட்டில் ஒரு சின்னச் சண்டையைக்கூட மச்சானுக்குப் பற்றவைக்கத் தெரியாது என்று என் கணவர் கேலி செய்வார். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடமாக எங்கள் மாடியறையில்தான் இருக்கிறார். ஐம்பது வயதாகிவிட்ட என்னை இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடுவார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போகிற பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, நேராக ஓடுகிற ஒன்றின்மேல் ஆசை வந்தது. மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதம் அதே பேச்சு. இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, வெளிறிய நீலம். கடைசியில் வாங்கியே விட்டார். பாட்டரி மாற்றியதும் இன்ஜின் உறுமியது. வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேகமுள் நூறைத் தொட்டபோது நான் அலற, அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ணு பாத்திருக்கேன் மாப்பிள்ளை. அது சிவப்பு" என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்தான். இன்ஜின் கணவருக்கு, தகரவேலை அண்ணனுக்கு, இருக்கைக்கு உறை தைப்பது எனக்கு. எட்டு மாதம் போனது தெரியவில்லை.

ஒரு ஞாயிறு காலை, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கணவர் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கெட்டியாகத் தார் பூசியிருந்தது. தார் உரிந்த இடத்தில் ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்தது. அவர் சுரண்டச் சுரண்ட அது அங்கங்கே சின்னச் சுழிகளோடு நீண்டுகொண்டே போய், வண்டியின் இந்தக் கதவடியிலிருந்து அந்தக் கதவடி வரைக்கும் ஓடியது.

"மச்சான், இங்க கொஞ்சம் வாங்களேன்."

அண்ணன் குனிந்து பார்த்தார். அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். பிறகு எழுந்து, கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவேயில்லை.

"இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி" என்றார் கணவர் என்னிடம். "முன்னாடி அடிபட்ட ஒண்ணையும் பின்னாடி அடிபட்ட ஒண்ணையும் வெட்டி, நல்ல பாதி ரெண்டையும் ஒட்டியிருக்கான். எதுலயாவது மோதியிருந்தா ரெண்டாப் பொளந்திருக்கும்."

நூறைத் தொட்ட முள்தான் என் கண்முன் வந்தது. எண்ணெய் டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் கணவர் திட்டித் தீர்த்தார். "எந்தப் பாவி செஞ்சானோ, அவன் கை வெளங்குமா?" அண்ணன் தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து போனார். புதன்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அந்தப் பாவி நான்தான் மாப்பிள்ளை."

கணவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஜாணுக்கு ஒரு தடவை என் கை தானா ஒரு சுழி போட்டுத் திரும்பும். பழக்கம். வாசல் கேட்டைப் போய்ப் பாருங்க."

கணவர் நகரவில்லை. நான்தான் போனேன். இருபது வருடமாகத் தினமும் திறந்து மூடுகிற கேட். சட்டம் சேருகிற இடத்தில், ஒவ்வொரு ஜாணுக்கும் நத்தை ஓடு மாதிரி ஒரு சின்னச் சுழி. ஷெட்டில் பார்த்த அதே சுழி.

உள்ளே வந்தபோது அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். "இருபத்திரெண்டு வயசு. வேலைக்குச் சேர்ந்த ஷெட்ல, இது கடை வாசல்ல விளம்பரத்துக்கு நிறுத்தற வண்டி, ரோட்ல ஓடாதுன்னு முதலாளி சொன்னாரு. ஒட்டினேன். அப்ப இது சிவப்பு. நீல பெயின்ட் அப்புறம் வேற யாரோ அடிச்சது."

"நிஜமாவே நம்புனியாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் தட்டை ஓரமாகத் தள்ளினார். "நம்பிக்கிட்டா சௌகரியமா இருந்துச்சு பாப்பா."

"இது ஒண்ணுதானா?" என்றார் கணவர்.

"அஞ்சு."

கணவர் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனார். ஒன்பது நாள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் படியேறினால் மற்றவர் அறைக்குள் போய்விடுவார். ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் கூடப்பிறந்தவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பத்தாம் நாள் கணவர் நேராகப் பட்டறைக்குப் போனார்.

"மத்த நாலும் என்ன வண்டி, என்ன கலர், யார் வாங்கினாங்க? ஞாபகம் இருக்கறத எழுதுங்க மச்சான்."

இரண்டு பேரும் சேர்ந்து அலைந்தார்கள். பழைய வண்டி வாங்கி விற்பவர்கள், காயலான் கடைகள் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு வண்டிகள் எப்போதோ உடைக்கப்பட்டிருந்தன. ஒரு பச்சை வண்டி பற்றித் துப்பே கிடைக்கவில்லை. நான்காவது, நீளமான வெள்ளைக் கார், ஒரு பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நானும் கூடப் போயிருந்தேன். டீச்சர் முதலில் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே நினைத்தார். அண்ணன் எதுவும் பேசாமல் வண்டிக்கு அடியில் படுத்து, கத்தியால் தாரைச் சுரண்டினார்.

"குனிஞ்சு பாருங்கம்மா. இந்த ஒட்டு நான் போட்டது. தெரிஞ்சே போட்டேன். இனிமே இத ஓட்டாதீங்க."

டீச்சர் பார்த்தார். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு பிள்ளைங்களையும் இதுலதானேய்யா கொண்டுவந்தேன்" என்றார். அதட்டிக்கூடப் பேசவில்லை. அண்ணன் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே தரையில் கிடந்தார். கணவர்தான் கைகொடுத்துத் தூக்கினார்.

நீல வண்டியை அண்ணனே, தான் ஒட்டிய இடத்தில் வெட்டிப் பிரித்தார். அதே மாதிரி வண்டி ஒன்றின் முழு உடம்பு, இன்ஜின் இல்லாமல் வெளியூரில் கிடைத்தது. அதில் எங்கள் இன்ஜினைப் பொருத்தி முடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. சோதனைக்கு வந்த வாகன ஆய்வாளர் மூலைமுடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது கணவரும் நானும் அதில்தான் போய்வருகிறோம். எவ்வளவு கெஞ்சியும் அண்ணன் ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து ஏதாவது ஓர் ஊருக்குப் போகிறார். அங்குள்ள காயலான் கடைகளில் அந்தப் பச்சை வண்டியைப் பற்றி விசாரித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். இந்த வாரமும் கிடைக்கவில்லை.