பசு பார்த்த வீடு

எங்கள் புது வீட்டை முதன்முதலில் ஒழுங்காகப் பரிசோதித்தது ஒரு பசுமாடு. அதற்கு முன்னால் நானும் பரிசோதித்திருந்தேன். அந்த லட்சணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தஞ்சாவூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும். அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்துதான் என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்துச் சரிசெய்த டாக்டர், "இன்னொரு தடவை மட்டும் விழுந்துடாதீங்கம்மா" என்றார். வேறு எதையும் அவர் அப்படி அழுத்திச் சொல்லவில்லை. சொந்த வீடு வாங்கும் யோசனையே அங்கேதான் ஆரம்பித்தது. மாடி ஏற வேண்டாத, கால் வழுக்காத ஒரு வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரத்தநாடு சாலையில், சமீபம் வரை வயலாக இருந்த இடத்தில் மனை போட்டு வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று, முகப்பைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் போனில் அளந்தேன்.

"அப்பா, பத்திரம் பதியறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரை அழைச்சுட்டுப் போய்க் காட்டிடுங்கப்பா."

"பழைய வீடுன்னா நீ சொல்றது சரி. இது இன்னும் பெயிண்ட் வாசனையே போகாத வீடும்மா. புதுச் சட்டையில யாராவது கிழிசல் தேடுவாங்களா?"

சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவள் "உங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் வக்கீலிடம் கொடுத்து அலசினேன். காகிதத்தில் ஒரு குறை இல்லை. வாஸ்து பார்ப்பவர் திசைகாட்டியோடு வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்திருக்கிறது, அமோகம் என்றார். அவர் தரையைக் குனிந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு நானே களத்தில் இறங்கினேன். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவரையும் தட்டினேன். எந்தச் சத்தம் வந்தால் நல்ல சுவர் என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன். கட்டியவரிடம், "என்ன கம்பி போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். அதற்கும் ஆட்டினேன். குளியலறைக் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. "மோட்டாருக்கு இன்னும் கரண்ட் வரலைங்க. கிரகப்பிரவேசத்துக்குள்ள வந்துடும்" என்றார். சரி என்று நகர்ந்து, பூஜையறைக் கதவில் தொங்கிய மணிகளை ஆட்டிப் பார்த்தேன். எல்லா மணியும் அடித்தது. எனக்கு முழுத் திருப்தி.

பதிவு முடிந்தது. கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்தார்கள். வழவழப்பான டைல்ஸில் கால் வைக்க அது யோசித்ததால் சாக்கு விரித்து உள்ளே அழைத்தோம். மாலை போட்டு, பொட்டு வைத்து, பழம் கொடுத்தோம். பழத்தைத் தின்றுவிட்டு நடுக்கூடத்தில் தாராளமாகக் கோமியம் விட்டது.

"ஆகா, நல்ல சகுனம்!" என்று உறவுக்காரர்கள் பூரித்துப்போனார்கள். நானும்தான். ஆனால் அந்தக் கோமியம் வாசல் பக்கம் ஓடவில்லை. நேரே உள்பக்கம் திரும்பி, பூஜையறையை ஒட்டி ஓடி, எங்கள் படுக்கையறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது. பட்டுப்புடவைக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி அது போன வழியை முழுக்கப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும், "பாத்ரூம்ல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். தண்ணீர் போக வேண்டிய துளை ஒரு மூலையில் மேடாக உட்கார்ந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அதைத் தொடக்கூட இல்லை. பாதி நடுவில் தேங்கியது. மீதி கதவைத் தாண்டி அவள் ஊன்றியிருந்த கைத்தடிவரை வந்தது.

எனக்குக் கொஞ்சம் நஞ்சை நிலம் உண்டு. நடவுக்கு முன்னால் பரம்படித்துச் சமப்படுத்தி, தண்ணீர் கட்டி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவேன். ஊரில் அதற்கு எனக்கு ஒரு பெயர்கூட இருக்கிறது.

"நாத்து நிக்கிற இடத்துக்கு அவ்வளவு பாக்கறீங்க" என்றாள் அவள். "நான் நிக்கிற இடத்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாக்கத் தோணலையா உங்களுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுவாரம் இன்ஜினியர் வந்தார். மட்டம் வைத்துப் பார்த்தார், டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு எந்தச் சத்தம் என்னவென்று தெரிந்திருந்தது. "வாங்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா, அவங்களையே சரி பண்ணிக் குடுக்கச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கட்டியவர் இப்போது என் போனை எடுப்பதில்லை. புத்தம் புது வீட்டில் குளியலறையையும் கூடத்தையும் உடைத்துப் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள், பால் காய்ச்சின கையோடு எதற்கு இடிக்கிறான் என்று எட்டிப் பார்க்கிறார்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

வேலை முடிகிறவரை நாங்கள் பழைய வாடகை வீட்டில்தான். அவள் விழுந்த அதே குளியலறை. தினமும் காலையில் நான் முதலில் போய்த் தரையை ஈரம் போகத் துடைத்துவிட்டு வருகிறேன். அவள் உள்ளே போனதும் கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஒவ்வொரு தடவை தண்ணீர் விழும்போதும் பயமாக இருக்கிறது.

நேற்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "என்ன, பேச்சையே காணோம்? வெளியில நின்னு வாஸ்து பாக்கறீங்களா?"

நான் கதவுக்கு அடியில் வந்துகொண்டிருந்த தண்ணீரைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.