சவாரி வண்டிலில் ஏறிய ஒளிப்படக் கருவி

ஒரு பொருளைப் பிழையாகத் தெரிவு செய்து ஏச்சு வாங்குவோர் பலர். நன்றாகத் தெரிவு செய்ததற்காக ஏச்சு வாங்கியவன் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், வன்னியிலுள்ள வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி பெற்று வாழ்ந்த என் தமக்கையார் வீட்டில் தங்கி, அருகிலுள்ள பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்தேன். அக்காவின் கணவருக்கு நெல்லினும் மாட்டுவண்டிச் சவாரியே பெரிது. அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும், பரந்தனுக்கு அப்பாலுள்ள வெளியில் இரண்டிரண்டு வண்டில்களாகப் போட்டிக்கு ஓடவிடுவார்கள். முந்திய ஆண்டு எதிராளி தம் தடத்துக்குள் குறுக்கிட்டு வென்றுவிட்டான் என்றும், நடுவர்கள் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார்கள் என்றும் அத்தான் ஓயாது குமுறினார்.

"தம்பி, இந்தமுறை படம் பிடிச்சுக் காட்டுவம். ஓடுற வண்டில்ல இருந்து பிடிக்கிற மாதிரிச் சின்னன் கமரா ஒண்டு பாரும். படிச்ச மனிசன் நீர், உமக்குத்தானே தெரியும்."

சவாரிக்குப் பூட்டிய மாட்டுச் சோடி அக்காவுடையது. கன்றுப் பருவத்திலிருந்து தவிடும் பிண்ணாக்கும் வைத்து அவரே வளர்த்தவை. ஒரே நிபந்தனையின் பேரில்தான் அவற்றைப் பூட்ட இசைந்தார்: மாட்டை ஓட்டும் துவரந்தடியின் நுனியில் ஆணி வைக்கக் கூடாது. ஆணியால் குத்தினால் மாடு வெறிகொண்டு பாயும். அதனால் ஓட்டுவோர் பலர் அதனைத் துணி சுற்றி மறைத்துக் கொண்டுபோவது வழக்கம். அந்த ஆண்டு சவாரிக் குழுவினரும் ஆணி வைத்தவரைப் போட்டியிலிருந்து தள்ளுவதென்று தடையை இறுக்கியிருந்தனர். அத்தான் கோயில் வாசலில் நின்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

நான் யாழ்ப்பாணம் சென்று ஒளிப்படக் கடையொன்றில் ஏறினேன்.

"மாஸ்டர், கலியாண வீட்டுக்கோ, செத்த வீட்டுக்கோ?" என்றார் கடைக்காரர்.

"மாட்டுச் சவாரிக்கு."

"மாடு நிண்டு குடுக்குமே?"

கடையில் இருந்தோர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. முதலில் அவர் காட்டியது பெட்டிக் கமரா. அதனை இடுப்போடு அணைத்துக் குனிந்து பார்த்தே படம் எடுக்க வேண்டும். விரையும் பொருளை அது புகையாகத்தான் பதியும். அடுத்தது துருத்திபோல் மடியும் கருவி. வன்னிப் புழுதி அத்துருத்தியின் மடிப்புகளில் ஏறினால் ஒரு சவாரியோடு அதன் கதை முடிந்துவிடும். அதனை விரித்துப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கருவி. தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் ஒரு விரலால் அழுத்தினால் போதும். கண்ணிமைப்பினும் விரைவாக அதன் ஒளிக்கதவு திறந்து மூடும். அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கடை நடுவில் துள்ளிக் குதித்துப் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடிதான் விழுந்தது. கருவி கையைவிட்டு அசையவில்லை. அதையே வாங்கினேன்.

சவாரியன்று அத்தானின் முதுகுக்குப் பின்னால், வண்டிற் சட்டத்தை ஒரு கையாற் பற்றியபடி குந்தியிருந்தேன். வண்டில் கிளம்பியதும் உடலிலுள்ள எலும்பெல்லாம் இடம் மாறின. கண்ணுக்குள் புழுதி விழுந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. "பிடியும் தம்பி, பிடியும்! வாறான், வாறான்!" என்று அத்தான் கத்தினார். குரல் வந்த திசைக்குக் கருவியை நீட்டி அழுத்தினேன். எதிராளியே வென்றதாக நடுவர்கள் அறிவித்தார்கள். அத்தான் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படம் வரட்டும், கதைப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கழுவிய படம் வந்த நாளில் எங்கள் விறாந்தையில் கதிரைகள் போதவில்லை. உறையை அத்தானே பிரித்தார்.

"பாருங்கோ! அவன்ர சில்லு என்ர தடத்துக்குள்ள நிக்குது! நான் அப்பவே சொன்னனான்!"

உண்மைதான். எதிராளியின் வண்டிற் சக்கரம் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது ஆரக்கால் ஆரக்காலாகத் தெரிந்தது. படம் கைமாறிச் சென்றது. அயற்காணிக்காரர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அண்ணை, சில்லு சரி. உங்கட கையில இருக்கிறது என்ன?"

அத்தானின் கையில் துணி நீங்கிய தடி. நுனியில் ஆணி. அது வலப்புற மாட்டின் பின்தொடையில் இறங்கியிருந்தது. வெள்ளைத் தோலில் கருங்கோடாக இரத்தம் வழிந்தது. எதிராளியின் குற்றமும் இவருடைய குற்றமும் ஒரே படத்துள் அடங்கியிருந்தன. ஒன்றைக் காட்டினால் மற்றதும் நடுவரின் கண்ணில் படும்.

"இதைக் கொண்டு போனியளெண்டால் இரண்டு பேரையும் தள்ளிப்போடுவினம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

தேநீர்த் தட்டுடன் குசினியிலிருந்து வந்த அக்கா படத்தை எடுத்துப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அத்தான் அவரைத் தொடர்ந்து செல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உம்மை ஆர் இவ்வளவு வடிவாப் பிடிக்கச் சொன்னது?"

அவர் வேடிக்கை பேசவில்லை. ஒரு கருவி காண்பதையெல்லாம் காணும் என்பதை அவர் எண்ணியிருக்கவில்லை. தாம் சுட்டியதை மட்டுமே அது காணவேண்டும் என்று நம்பியிருந்தார். அன்று தொடங்கி, குடும்பத்தின் மானத்தைச் சந்திக்கு இழுத்தவன் என்ற பெயர் எனக்கே நிலைத்தது. குத்தியவரை எவரும் அப்படிச் சொல்லவில்லை.

அக்காவாவது என் பக்கம் நிற்பார் என்று எண்ணிக் குசினிக்குள் போனேன்.

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ?" என்றார், அடுப்பைப் பார்த்தபடி. "மாட்டின்ர காயத்தை முள்ளுக்கம்பி கீறினதெண்டு அவர் சொல்லுவார். ஓமெண்டு கேட்டுக்கொண்டு வேப்பெண்ணெய் பூசினன். ஊர் முழுக்கப் பாத்திட்டுது. இனி என்னத்தைச் சொல்லிப் பூசிறது?"

"அக்கா, மாட்டை இனிப் பூட்ட விடாதேங்கோ."

"உனக்கு மாற்றம் வந்தால் வேற ஊருக்குப் போவாய். நான் எங்க போறது?"

அடுத்த அறுவடைக்குப் பின்னரும் சவாரி நடந்தது. என்னை ஒருவரும் அழைக்கவில்லை. மாடுகளின் கொம்புக்கு எண்ணெய் பூசிச் சலங்கை கட்டிவிட்டவர் அக்காதான். வண்டில் வாசற் படலையைத் தாண்டியதும் உள்ளே வந்து, அவை திரும்புவதற்கு முன்பாகவே வேப்பெண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.